துப்பாக்கிக் கட்டுப்பாடு, அமெரிக்காவில்: சட்டங்களும் முட்டுக்கட்டையும்

அமெரிக்காவில் பொதுமக்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் வெளியே எடுத்துச் செல்வதையும் அரசு எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்பது குறித்து ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் அரசியல், சட்டத் தகராறு இது. ஜெனீவாவிலுள்ள ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வமைப்பின் 2017 மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்கள் கையில் 39.3 கோடித் துப்பாக்கிகள் இருந்தன. அதாவது 100 பேருக்கு 120. 2021-இல் துப்பாக்கியால் உயிரிழந்தவர்கள் 48,830 பேர். பள்ளிக்கூடப் படுகொலைகளைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.

நாடு இரண்டாகப் பிளந்து நிற்பதால்தான் எதுவும் நடப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மைதான். துப்பாக்கி வாங்கும் எல்லோருடைய பின்னணியையும் சரிபார்க்க வேண்டுமா என்று கேட்டால், கருத்துக்கணிப்புகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் வேண்டும் என்கிறார்கள். சட்டங்கள் வராமலும் இல்லை. ஆனால் வந்த ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே வந்தது. அப்படி விட்டுக்கொடுத்ததுதான் பின்னால் வந்த சட்டங்களின் காலைக் கட்டியது.

1791-இல் ஏற்கப்பட்ட இரண்டாம் அரசமைப்புத் திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். அதன் முற்பகுதி சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை தேவை என்கிறது. பிற்பகுதி ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்கிறது. உரிமை குடிப்படைக்கா, தனிமனிதருக்கா என்ற கேள்வி நெடுங்காலம் பெரிதாக எழவில்லை. கௌபாய் படங்கள் காட்டும் மேற்கிலேயே ஊருக்குள் துப்பாக்கி ஏந்தத் தடை இருந்தது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் மோதலில், சட்டத்தின் தரப்பில் நின்றவர்கள் சொன்ன காரணமே, எதிராளிகள் நகரத் தடையை மீறி ஆயுதத்தோடு திரிந்தார்கள் என்பதுதான். ஹாலிவுட் இந்த விவரத்தை அவ்வளவாகக் கண்டுகொண்டதில்லை.

நாடு முழுவதற்குமான முதல் பெரிய சட்டம் 1934-இல் வந்தது. மதுவிலக்குக் காலத்து ரவுடிக் கும்பல்களும், 1929-இல் சிகாகோவில் நடந்த வேலன்டைன் தினப் படுகொலையும் அதற்குப் பின்னணி. இயந்திரத் துப்பாக்கிகள், குழல் வெட்டிக் குறுக்கப்பட்ட துப்பாக்கிகள், ஓசையடக்கிகள் ஆகியவற்றுக்கு 200 டாலர் வரியும் கட்டாயப் பதிவும் விதிக்கப்பட்டன. அன்று ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. எதிர்ப்பு வரவே கைவிடப்பட்டன. ரைஃபிளை வெட்டிக் கைத்துப்பாக்கியாக்கித் தப்பித்துவிடக் கூடாதே என்று சேர்த்த குறுங்குழல் விதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இப்படியாக, அதிகம் பேரைக் கொல்லும் ஆயுதம் வெளியே நிற்க, அதற்குக் காவலாக எழுதிய விதி சட்டத்துக்குள் இருக்கிறது. 1939-இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் குடிப்படையைக் காரணம் காட்டியே செல்லும் என்றது.

1963 நவம்பரில் ஜான் கென்னடியைக் கொன்ற இத்தாலிய ரைஃபிள் தபாலில் வாங்கப்பட்டது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் இதழில் வந்த விளம்பரக் கூப்பனை நிரப்பி, பொய்ப் பெயரில், தொலைநோக்கியோடு 19.95 டாலருக்குச் சிகாகோ கடையொன்றிலிருந்து வரவழைத்திருந்தார் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் சட்டம் வரவில்லை. இடையில் 1967 மே மாதம் பிளாக் பாந்தர் கட்சியினர் சுமார் 30 பேர் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். அங்கே மட்டும் மளமளவென்று வேலை நடந்தது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதைத் தடுக்கும் சட்டத்தில் அந்த ஆண்டே கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன். கறுப்பினத்தவர் கையில் துப்பாக்கியைக் கண்டபோது வந்த அவசரம் அது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள், மறுப்பது கடினம்.

மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் கொல்லப்பட்ட பிறகு, 1968 அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தபால் விற்பனை நின்றது. குற்றத் தண்டனை பெற்றவர்கள் போன்றோர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை வந்தது. நாடு தழுவிய பதிவும் உரிமமும் வேண்டும் என்று அதிபர் லிண்டன் ஜான்சன் கேட்டிருந்தார். இரண்டும் கிடைக்கவில்லை, கையெழுத்திட்ட அன்றே துப்பாக்கி ஆதரவு வட்டாரத்தைக் குறைகூறிவிட்டுப் போனார்.

அந்த வட்டாரத்தின் தலைவாசலான தேசிய ரைஃபிள் சங்கம் (என்.ஆர்.ஏ.) 1871-இல் தோன்றியபோது அதற்கு அரசியல் நோக்கம் கிடையாது. உள்நாட்டுப் போரில் வடபகுதி வீரர்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியவில்லை என்று நொந்துகொண்ட இரு அதிகாரிகள் நியூயார்க்கில் தொடங்கிய பயிற்சிச் சங்கம் அது. 1970-களில் அதன் தலைமை, வாஷிங்டனை விட்டுக் கொலராடோவுக்குப் போய் வேட்டை, விளையாட்டு என்று இருந்துவிடத் திட்டமிட்டது. 1977 மே மாதம் சின்சினாட்டியில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில், ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியணிந்த உறுப்பினர்கள் சங்க விதிகளைக் கொண்டே விடிய விடிய வாக்கெடுப்பு நடத்திப் பழைய தலைமையைக் கவிழ்த்தனர். ஹார்லன் கார்ட்டர் பொறுப்புக்கு வந்தார். எந்தக் கட்டுப்பாட்டிலும் சமரசம் இல்லை என்பது கொள்கையானது. 1980-இல் சங்கம் முதன்முதலாக ஓர் அதிபர் வேட்பாளரை ஆதரித்தது, அவர் ரீகன்.

புதிய தலைமையின் பெரிய அறுவடை 1986-இன் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கிகள் விற்பதை அது நிறுத்தியது உண்மை. ஆனால் துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு ஒன்றை மத்திய அரசு ஏற்படுத்தக் கூடாது என்ற தடையையும் சட்டமாக்கியது. அந்தத் தடை நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் பார்க்கலாம். ஏ.டி.எஃப். என்ற மத்திய முகமையின் தடமறியும் மையம் அங்கே இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் வரிசை எண் காவல் நிலையத்திலிருந்து வந்ததும், ஊழியர் முதலில் தயாரிப்பு நிறுவனத்தைக் கேட்கிறார். அவர்கள் மொத்த வியாபாரியைச் சொல்ல, அவர் கடைக்காரரைச் சொல்ல, கடைக்காரர் பழைய படிவத்தைத் தேடி எடுக்கிறார். கடையை மூடிவிட்டவர்களின் ஏடுகள் பெட்டி பெட்டியாக இந்த மையத்துக்கே வந்து சேரும். நனைந்து ஒட்டிப்போன தாள்களும் அவற்றில் உண்டு; இடம் போதாமல் வாகன நிறுத்தத்தில் கன்டெய்னர்களிலும் அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் படமாக மட்டும். பெயரைத் தட்டச்சு செய்து தேட முடிந்தால் அது பதிவேடு ஆகிவிடும் என்பதால், ஊழியர்கள் கணினித் திரையிலும் பக்கம் பக்கமாகப் புரட்டியே பார்க்கிறார்கள்.

1981 மார்ச்சில் ரீகனே சுடப்பட்டார். உடனிருந்த செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் குண்டு பாய்ந்து நிரந்தர ஊனம் ஏற்பட்டது. அவர் பெயரிலான மசோதா 1987-இல் முதன்முதலாக வந்து, 1993 நவம்பரில்தான் சட்டமானது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க ஐந்து நாள் காத்திருப்பு, பின்னணிச் சரிபார்ப்பு. 1998 முதல் உடனடிக் கணினிச் சரிபார்ப்பு. தனிநபர் தனிநபருக்கு விற்றால் மத்தியச் சட்டத்தில் சோதனை இல்லை. துப்பாக்கிச் சந்தைகளைப் பற்றி இன்றுவரை நடக்கும் வாக்குவாதமெல்லாம் இந்த விடுபடலில் பிறந்ததே. செனட் பிரேடி மசோதாவை 63-36 என நிறைவேற்றியபோது, ஆதரவு வாக்குகளில் 16 குடியரசுக் கட்சியினுடையவை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1994-இல் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கும் பத்துக்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் மேகசின்களுக்கும் தடை வந்தது. அந்த ஆண்டு மே மாதம் பிரதிநிதிகள் சபையில் அது தப்பிப் பிழைத்தது 216-214 என்ற இரண்டு வாக்கு வித்தியாசத்தில். அதற்கும் விலை உண்டு: ஏற்கெனவே மக்கள் கையிலுள்ளவற்றுக்கு விலக்கு, பத்தாண்டு முடிந்தால் சட்டமே காலாவதி. துப்பாக்கியின் வெளிப்புற அம்சங்களை வைத்துத் தடை வரையப்பட்டிருந்ததால், தயாரிப்பாளர்கள் பயோனெட் மாட்டும் கொக்கியைக் கழற்றிவிட்டு அதே ரைஃபிளை வேறு பெயரில் விற்றார்கள். நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே தொகுதியில் தோற்றார். வரியும் மருத்துவக் காப்பீட்டுக் குழப்பமும் அந்தத் தோல்விக்குக் காரணமாயிருந்திருக்கலாம். ஆனால் துப்பாக்கியைத் தொட்டால் பதவி போகும் என்ற பாடத்தைத்தான் அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டார்கள். 2004 செப்டம்பரில் தடை சத்தமில்லாமல் காலாவதியானது.

இதன் பிறகு நடந்தவை தலைப்புச் செய்தி ஆகாத சின்னச் சின்னப் பூட்டுகள். 1996-இல் ஆர்கன்சா உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த நிதிநிலைத் திருத்தம், நோய்க் கட்டுப்பாட்டு மையம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு வாதாடக் கூடாது என்றது. கூடவே, முந்தைய ஆண்டு துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்குச் செலவான 26 லட்சம் டாலரும் திசைதிருப்பப்பட்டது. ஆராய்ச்சி இருபது ஆண்டுகளுக்கு மேல் முடங்கியது. டிக்கியே பின்னாளில் வருந்தி எழுதினார். 2005-இல் தயாரிப்பாளர்கள் மீது வழக்குப் போடுவதைப் பெருமளவு தடுக்கும் சட்டம் வந்தது. 2006 முதல் ஏ.டி.எஃப். இயக்குநருக்குச் செனட் ஒப்புதல் தேவை என்றானது. அதன்பின் 2024 வரை ஒப்புதல் பெற்றவர்கள் 2013-இல் ஒருவர், 2022-இல் ஒருவர். மற்றக் காலமெல்லாம் தற்காலிகப் பொறுப்பாளர்களே.

2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் நீர்வளப் பொறியியல் கற்பித்துக்கொண்டிருந்த, ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையத்துத் தமிழ்ப் பேராசிரியர். கொலையாளியின் மனநலம் குறித்த நீதிமன்ற ஆணை சரிபார்ப்புப் பட்டியலுக்குப் போய்ச் சேராததால் அவனுக்குத் துப்பாக்கி கிடைத்திருந்தது. ஆவணங்களை ஒழுங்காக அனுப்ப மாநிலங்களுக்கு நிதி தரும் சட்டம் 2008 ஜனவரியில் வந்தது, அதை என்.ஆர்.ஏ.வும் எதிர்க்கவில்லை.

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, இனியாவது மாறும் என்று பலரும் எண்ணினர். ஜோ மேன்சின், பாட் டூமி என்ற இரு கட்சி உறுப்பினர்கள் சந்தை விற்பனைக்கும் இணைய விற்பனைக்கும் சரிபார்ப்பை விரிவாக்கும் திருத்தத்தை எழுதினர். பதிவேடு கூடாது என்ற வாசகத்தையும் சேர்த்தே. 2013 ஏப்ரல் 17 அன்று 54 பேர் ஆதரித்தனர், 46 பேர் எதிர்த்தனர். திருத்தம் தோற்றது. செனட்டில் விவாதத்தை முடித்து வைக்க 60 பேர் வேண்டும். ஃபிலிபஸ்டர் என்ற இந்த வழக்கம் அரசமைப்பில் இல்லை, சபையின் சொந்த விதியில் இருக்கிறது. 3.9 கோடிப் பேருள்ள கலிஃபோர்னியாவுக்கும் 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும். 1993-இலும் விதி இதுவேதான். அன்று 16 ஆக இருந்த குடியரசுக் கட்சி ஆதரவு இப்போது 4.

நீதிமன்றமும் இதற்குள் திசை மாறியிருந்தது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் 5-4 தீர்ப்பு, வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. 2022 ஜூன் 23 அன்று புரூயன் வழக்கு, நியூயார்க்கின் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த உரிம நிபந்தனையை ரத்து செய்து, நாட்டின் வரலாற்று மரபில் முன்மாதிரி உள்ள கட்டுப்பாடுகளே செல்லும் என்றது. அதன் பிறகு கீழ் நீதிமன்ற வழக்கறிஞர்கள் 18-ஆம் நூற்றாண்டு ஊர் விதிகளைத் தேடி அலைகிறார்கள்.

அதே நாள் இரவு செனட் 65-33 என்று ஒரு கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மாதம் முன்பு டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டிருந்தனர். ஆயுதம் ஏந்திய காவலர்கள் 77 நிமிடம் அங்கே காத்திருந்தார்கள். 21 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு, ஆபத்தானவர் என்று கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பெறும் மாநிலத் திட்டங்களுக்கு நிதி ஆகியவை அதில் இருந்தன; ஆயுதத் தடை எதுவும் இல்லை. ஆதரித்த 15 குடியரசுக் கட்சியினரில் அந்த ஆண்டு தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் இருவரே. பேச்சுவார்த்தையை நடத்திய ஜான் கார்னினைச் சொந்த மாநிலக் கட்சி மாநாட்டிலேயே கூச்சலிட்டு எதிர்த்தார்கள்.

வாஷிங்டன் நகராத இடத்தில் மாநிலங்கள் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்திருக்கின்றன. பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த சில வாரங்களில், 2018 மார்ச்சில், குடியரசுக் கட்சி ஆண்ட ஃபுளோரிடாவே துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. மறுபக்கம், உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 2024-இல் 29 ஆயின.

60 வாக்கு விதிக்கும் ஒரு சந்து உண்டு: வரவு செலவு மசோதாக்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் அந்தச் சந்து வழியாக, 2026 ஜனவரி முதல் ஓசையடக்கிகளுக்கும் குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் 1934-இன் 200 டாலர் வரியைச் சுழியமாக்கியது. பதிவையும் சேர்த்து நீக்கவே முயன்றார்கள். அது வரவு செலவு விஷயமல்ல என்று செனட்டின் விதி அலுவலர் தடுத்துவிட்டார். வரியே இல்லாதபோது பதிவு மட்டும் எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்று கேட்டுத் துப்பாக்கி உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்திருக்கின்றன.