வெற்றிட ஆற்றல்

துகளும் கதிர்வீச்சும் முற்றிலும் நீங்கிய வெளியிலும் எஞ்சி நிற்கும் ஆற்றல் வெற்றிட ஆற்றல் எனப்படும். குவாண்டம் புலக் கோட்பாட்டில் ஒவ்வொரு புலமும் எண்ணற்ற அலையியற்றிகளின் தொகுதி. அடிநிலையிலும் ஒவ்வோர் அலையியற்றிக்கும் அரைக் குவாண்டம் ஆற்றல் உண்டு. அவற்றைக் கூட்டினால் வரும் தொகை மிகப் பெரியது. வானியலாளர் அளந்ததோ மிகச் சிறியது. இம்முரண்பாடே அண்டவியல் மாறிலிச் சிக்கல்.

அரைக் குவாண்டக் கருத்து 1911–12இல் மாக்ஸ் பிளாங்கின் இரண்டாம் கதிர்வீச்சுக் கோட்பாட்டில் பிறந்தது. 1913இல் ஐன்ஸ்டைனும் ஓட்டோ ஸ்டெர்னும் அதைக்கொண்டு கடுங்குளிரில் ஹைட்ரஜனின் தன்வெப்பத்தை விளக்க முயன்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஐன்ஸ்டைன் அதைக் கைவிட்டார். வால்ட்டர் நெர்ன்ஸ்ட் அப்படி விட்டுவிடவில்லை. வெளி முழுவதும் இவ்வாற்றலால் நிரம்பியிருக்கிறது என்று 1916இல் துணிந்து எழுதினார். 1924இல் ராபர்ட் முல்லிகன் போரான் மோனாக்சைடின் நிறமாலையில் அரைக் குவாண்டத்தின் தடயத்தைக் கண்டபின் மூலக்கூறுகளைப் பொறுத்தவரை ஐயம் தீர்ந்தது. வெளியைப் பற்றிய ஐயம் தீரவில்லை. ஹாம்பர்கில் இருந்த வொல்ப்காங் பவுலி, எலக்ட்ரானின் செவ்வியல் ஆரத்தினும் குறுகிய அலைகளை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டார். அந்த ஆற்றலுக்கு ஈர்ப்பு உண்டென்றால் அண்டத்தின் ஆரம் நிலவைக்கூட எட்டாது என்று விடை வந்தது. எனவே அதைக் கணக்கிலேயே சேர்க்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு. மாறாக, ஐன்ஸ்டைன் தம் ஈர்ப்புச் சமன்பாடுகளில் சேர்த்த அண்டவியல் மாறிலியை எதிர்மறை அழுத்தமுள்ள வெற்றிட ஆற்றலாகக் கொள்ளலாம் என்று 1934இல் அண்டவியலாளர் லெமெய்த்ர் காட்டினார். 1948இல் இயற்பியலாளர் காசிமிர், இவ்வாற்றலின் விளைவாக மின்னூட்டமற்ற இரு உலோகத் தகடுகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று கணித்தார். 1997இல் இயற்பியலாளர் லாமரோ அந்த விசையைத் துல்லியமாக அளந்தார். துகள் இயற்பியலையும் அண்டவியல் மாறிலிச் சிக்கலையும் உறுதியாகப் பிணைத்த பெருமை 1967இல் எழுதிய இயற்பியலாளர் செல்டோவிச்சைச் சாரும்.

அளந்தறிந்த அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 5×10⁻¹⁰ ஜூல். மூன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்கு ஈடு. பிளாங்க் நீளம் வரையுள்ள அலைகளைக் கூட்டினால் இதைப்போல் சுமார் 10¹²⁰ மடங்கு வருகிறது. கூட்டலை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து இவ்வெண் மாறும் என்பதைப் பலர் சொல்லாமல் விடுகின்றனர். ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டெனும் மீச்சமச்சீர்மை இருப்பின் வேறுபாடு 10⁶⁰ அளவுக்குக் குறையும், அதுவும் போதாது. மாறிலி பெரிதாக இருந்திருந்தால் விண்மீன் திரள்களே உருவாகியிரா என்று 1987இல் ஸ்டீவன் வைன்பெர்க் வாதிட்டார். ஒரு வரம்பைத் தரும் அவ்வாதத்தைத் தீர்வாகக் கொள்வதற்கில்லை.

வெற்றிட ஆற்றலுக்குச் சான்றாகக் கொள்ளப்படும் அண்டத்தின் முடுக்க விரிவு 1998இல் தெரியவந்தது; அதற்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முடுக்கத்தைத் தரும் ஆற்றலின் அடர்த்தி காலப்போக்கில் மாறலாம் என்று விண்மீன் திரள்களை அளந்துவரும் டெசி (DESI) ஆய்வின் 2024, 2025ஆம் ஆண்டுத் தரவுகள் குறிப்புக் காட்டினாலும், அது இன்னும் உறுதிப்படவில்லை.