கைரவானின் குழந்தைப் பள்ளியில் ஒரு வாரம்

இஸ்லாமியக் கல்வி வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பெரிய கலைக்கூடங்களிலிருந்தே தொடங்குவர். ஹிஜ்ரி 361இல் (கி.பி. 972) கெய்ரோவில் திறக்கப்பெற்ற அல்அஸ்ஹரையும், ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) பக்தாதில் திறக்கப்பெற்ற நிஜாமிய்யாவையும் அறியாதார் நம்மிடையே குறைவு. அங்கே அமர்ந்து பாடம் சொன்ன பேரறிஞர்களின் வரலாறுகள் ஏடு ஏடாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் அவ்வறிஞர்கள் அனைவரும் ஐந்தாறு வயதில் ஒரு சிறிய இடத்தில், மடியில் மரப்பலகையை வைத்துக்கொண்டு, 'அலிஃப், பா' என்று தொடங்கியவர்களே. அந்தச் சிறிய இடத்தைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. அரசர்கள் அதைக் கட்டவில்லை. ஆதலால் அவைப் புலவர்கள் அதைப் பாடவுமில்லை.

அவ்விடத்திற்கு அரபியில் 'குத்தாப்' என்று பெயர். 'மக்தப்' என்று நாம் வழங்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். எழுதக் கற்பிக்கும் இடம் என்பது பொருள். இந்தக் குத்தாபினுள்ளே சனிக்கிழமை முதல் வியாழக்கிழமை வரை என்ன நடந்தது, ஆசிரியர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை ஏறக்குறைய 1,150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தனி நூலாக எழுதி வைத்தார். அந்த நூல் நம் காலம் வரை பிழைத்து வந்திருப்பது பெரும்பேறு.

இன்றைய துனீசியா நாட்டிலுள்ள கைரவான், ஹிஜ்ரி 50இல் (கி.பி. 670) உக்பா இப்னு நாஃபிஉ அவர்களால் நிறுவப்பெற்ற நகரம். பின்னர் அது மாலிக்கி மத்ஹபின் தலையாய கல்வித் தலமாயிற்று. 'அல்முதவ்வனா' என்னும் பெரும் சட்டத் தொகுப்பைத் தந்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் அங்கே வாழ்ந்து, ஹிஜ்ரி 234இல் அந்நகரின் காளியாகவும் பொறுப்பேற்று, 240இல் (கி.பி. 854) மறைந்தார்கள். அவர்களின் மைந்தர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்களே நாம் குறிப்பிட்ட நூலின் ஆசிரியர். ஹிஜ்ரி 202இல் பிறந்து 256இல் (கி.பி. 870) மறைந்தவர். நூலின் பெயர் 'ஆதாபுல் முஅல்லிமீன்'; ஆசிரியர்களுக்குரிய ஒழுக்க நெறிகள் என்பது பொருள். பெரும்பகுதி மகன் கேட்க, தந்தை விடை சொல்லும் முறையில் அமைந்தது.

நம் தமிழகத்தில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளே வழக்கிலுள்ளன. இதுவோ மாலிக்கி நூல். எனினும் பிள்ளைகள் எல்லா மத்ஹபிலும் பிள்ளைகளே. வகுப்பறையும் எங்கும் வகுப்பறையே. ஆதலால் நாம் கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது.

நூலின் உயிர்நாடி ஒரு சிறிய சட்டக் கருத்தில் இருக்கிறது. கூலி பேசிக் கற்பிக்க ஒப்புக்கொண்ட ஆசிரியர், பிள்ளைகளின் தந்தையர் அனைவருக்கும் கூலியாள். அவர் விற்றிருப்பது தம் அறிவை அன்று, அறிவுக்கு விலையேது? அவர் ஒப்புக்கொடுத்திருப்பது தம் நேரத்தை. எனவே பாடவேளை அவருக்குச் சொந்தமன்று. அது பிள்ளைக்குச் சேரவேண்டிய அமானிதம். நூலிலுள்ள விதிகளில் பலவும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவையே. அந்த வாரத்தின் நாட்களோடு சேர்த்து இவற்றைப் பார்ப்போம்.

வாரம் சனிக்கிழமை காலையில் தொடங்கியது. பள்ளி நடந்த இடம் மாளிகையன்று. பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கடையறை. அந்த வாடகை ஆசிரியரின் பொறுப்பு, பிள்ளைகளிடம் வசூலிக்கலாகாது. பிரம்பின் விலைகூட அவருடைய கைப்பொருளிலிருந்தே வரவேண்டும் என்று இமாம் ஸஹ்னூன் தீர்ப்பளித்தார்கள்.

ஒரு நாளின் ஒழுங்கை அறிய, அதே கைரவானில் வாழ்ந்த மற்றோர் அறிஞரின் நூல் துணைசெய்கிறது. அவர் அபுல் ஹஸன் அல்காபிஸீ (ரஹ்). கண்பார்வையற்ற இப்பெரியார் ஹிஜ்ரி 403இல் (கி.பி. 1012) மறைந்தார். இப்னு ஸஹ்னூனின் நூலை அடியொற்றி விரிவாக எழுதியவர். அவர் காலத்து வழக்கப்படி காலையில் முதல் வேலை குர்ஆன் ஓதுதல். வெயில் ஏறிய ளுஹா வேளை முதல் நண்பகல் வரை எழுத்துப் பயிற்சி. பிறகு பிள்ளைகள் வீடு சென்று உண்டு, ளுஹருக்குப் பின் திரும்பி வருவர். மாலைப் பொழுது இலக்கணம், கணக்கு, கவிதை போன்றவற்றுக்கு உரியது. சோற்று வேளையில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், தண்டனை என்று சொல்லிப் பிள்ளையைப் பட்டினி போட்டு நிறுத்தி வைக்க ஆசிரியருக்கு அதிகாரமில்லை என்பதையும் இப்னு ஸஹ்னூனின் நூல் பதிவு செய்கிறது.

பிள்ளையின் கருவி மரப்பலகை. அன்றன்றைய பாடத்தை மையால் அதில் எழுதி, மனனமான பின் அழித்து, அடுத்ததை எழுதுவர். எழுதியது இறைவேதமாயிற்றே, அதை எப்படி அழிப்பது? இதற்கு இப்னு ஸஹ்னூன், அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் வழியாக வந்த ஒரு செய்தியைத் தருகிறார். நேர்வழி நின்ற நான்கு கலீஃபாக்களின் காலத்தில் ஆசிரியரிடம் ஒரு நீர்த்தொட்டி இருந்ததாம். நாளுக்கு ஒரு பிள்ளை முறைவைத்துத் தூய நீர் கொண்டுவருமாம். அந்நீரால் பலகைகளைக் கழுவி, கழுவிய நீரைத் தரையில் குழி தோண்டி ஊற்றுவார்களாம். நீர் மண்ணோடு மண்ணாக உறிஞ்சப்பட்டுவிடும். யாரும் அதை மிதிக்க நேராது. கண்ணியம் என்பதைப் பிள்ளைகள் சொற்பொழிவு கேட்டுக் கற்கவில்லை. தண்ணீர் சுமந்து கற்றார்கள்.

நாட்கள் நகர, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகுவதும் உண்டு. அது அவர்களுக்கு நன்மையே என்று நூல் அனுமதிக்கிறது. ஆயினும் எழுதியதை ஆசிரியர் தாமே பார்த்துத் திருத்தவேண்டும். மூத்த மாணவனை 'அரீஃப்' என்னும் சட்டாம்பிள்ளையாக வைக்கலாமா? குர்ஆனை முழுமையாக ஓதி முடித்து, இனித் தனக்குக் கற்கவேண்டிய பாடம் இல்லை என்ற நிலையை எய்தியவனாயின் வைக்கலாம். கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையின் நேரத்தைப் பிடுங்கி, ஆசிரியரின் சுமையை அவன் தலையில் ஏற்றலாகாது. ஒரு பிள்ளை வரவில்லையென்றால் மற்றொரு பிள்ளையைத் தேடி அனுப்பலாமா? தந்தையரின் சம்மதம் வேண்டும். அல்லது அனுப்பப்படும் பிள்ளையின் பாடம் கெடாதபடி வீடு மிக அருகில் இருக்கவேண்டும். ஆசிரியர் தம் சொந்த நூலைப் பாடவேளையில் எழுதலாமா? கூடாது. ஜனாஸாவில் கலந்துகொள்ளச் செல்லலாமா? தாம் பொறுப்பேற்றுக் கவனித்தே தீரவேண்டிய ஜனாஸா அல்லாமல் மற்றவற்றுக்குச் செல்லலாகாது. ஜனாஸாவைப் பின்தொடர்வது எத்துணைப் பெரிய நற்செயல் என்பதை நாமறிவோம். அந்த நற்செயலைக்கூடப் பிள்ளையின் நேரத்தைச் செலவிட்டு ஈட்டலாகாது என்கிறார்கள் இமாமவர்கள். கூலிக்கு அமர்ந்தவர் தம் வேலையை விட்டுவிட்டுப் போகலாகாது என்பதே அதற்குக் காரணம்.

புதன்கிழமை மாலையும் வியாழக்கிழமை முற்பகலும் அவ்வாரம் ஓதியதைத் திரும்ப ஒப்புவிக்கும் வேளைகள். சனி முதல் கற்றது நிலைத்ததா, நழுவியதா என்பது அப்போது தெரிந்துவிடும். அது முடிந்ததும் விடுமுறை. வெள்ளிக்கிழமை முழுநாளும் ஓய்வு. ஆசிரியர்கள் தோன்றிய நாள்முதல் இதுவே வழக்கம். இதை எவரும் குறைகூறியதில்லை என்பது ஸஹ்னூன் (ரஹ்) அவர்களின் கருத்து. நோன்புப் பெருநாளுக்கு ஒரு நாள் விடுமுறை. மூன்று நாள் விட்டாலும் குற்றமில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள், ஐந்தாக்கினும் தவறில்லை. ஒரு பிள்ளை குர்ஆனை முடித்த மகிழ்ச்சியில் ஒருநாள், அல்லது அதில் ஒரு பகுதி, விடுவதும் மக்களின் வழக்கமே. அதற்கு மேல் விடவேண்டுமாயின் தந்தையர் அனைவரின் அனுமதியும் வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இயலாது. ஏனெனில் ஆசிரியர் அவர்கள் அனைவருக்கும் கடமைப்பட்டவர்.

இங்கே வரலாறு படிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சட்ட அறிஞரிடம் மக்கள் நடவாததைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. பிள்ளைகளைத் தம் வேலைக்கு அனுப்பிய ஆசிரியர் இருந்ததனாலேயே அதைத் தடுக்கும் விதியும் எழுதப்பட்டது. அன்பளிப்புக் கொண்டுவரச் சொல்லிப் பிள்ளைகளை நெருக்கியவர் இருந்ததனாலேயே, பேசிய கூலிக்கு மேல் எதையும் கேட்கலாகாது என்று தீர்ப்பு வந்தது. முற்காலம் முழுவதும் பொற்காலம் என்று எண்ணிக்கொள்வது நம் பழக்கம். இந்நூல் அப்படி எண்ண விடுவதில்லை. குறைகள் அன்றும் இருந்தன. அவற்றைத் தட்டிக்கேட்கும் அறிஞர்களும் இருந்தார்கள் என்பதே அக்காலத்தின் சிறப்பு.

தண்டனை விஷயத்திலும் இதே நிலைதான். அடி என்பது அக்காலப் பள்ளிகள் எங்கும் இருந்த வழக்கம்; நூல் அதை முற்றிலும் ஒழிக்கவில்லை; எல்லை கட்டியது. மூன்று அடிக்கு மேல் தந்தையின் அனுமதியின்றி அடிக்கலாகாது. தலையிலும் முகத்திலும் அடிக்கவே கூடாது. பிள்ளையின் நன்மைக்காகவன்றித் தம் கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அடிப்பது ஆகாது. இமாம் ஸஹ்னூன் அவர்கள் தம் மகனைக் கற்கவைத்தபோது அவ்வாசிரியருக்குச் சொன்னதாக வரலாற்று நூல்கள் கூறும் அறிவுரை இதனினும் மேலானது. இவனைப் பாராட்டாலும் இனிய சொல்லாலுமே திருத்துங்கள். அடியாலும் அதட்டலாலும் திருந்துபவன் அல்லன் இவன் என்பது அதன் கருத்து. சட்டம் சொல்லும்போது ஊர் வழக்கத்துக்கு எல்லை வகுத்த பெரியார், தந்தையாக நின்றபோது அந்த எல்லையையும் கடந்து அன்பிடம் வந்து சேர்ந்தார்கள். அன்பால் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் ஆசிரியர்களுக்கு நெறிநூல் எழுதினார்.

எல்லாவற்றினும் முதன்மையாக மனத்தில் நிறுத்தவேண்டிய விதி ஒன்றுண்டு. இந்தச் சமுதாயத்தின் பிள்ளைகளில் மூவரை ஏற்றுக் கற்பிக்கும் ஆசிரியர், ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும் சமமாகக் கற்பிக்கவில்லையாயின், மறுமையில் மோசடிக்காரர்களோடு எழுப்பப்படுவார் என்னும் கருத்துள்ள ஓர் அறிவிப்பை இப்னு ஸஹ்னூன் தம் நூலில் எடுத்தாள்கிறார். 'மோசடி' என்ற சொல்லைச் சிந்திக்கவேண்டும். பாகுபாடு காட்டுவது அன்புக்குறைவு என்றோ பண்புக்குறைவு என்றோ மட்டும் சொல்லப்படவில்லை. அமானிதத்தைக் களவாடும் குற்றமாகவே சொல்லப்படுகிறது. கூலி கொடுக்க வழியில்லாத அநாதைப் பிள்ளையின் கதி என்ன? இதை அல்காபிஸீ ஆராய்கிறார். பிள்ளைக்குச் சொத்திருந்தால் அதிலிருந்து, இல்லையேல் உறவினர், அவர்களும் இல்லையேல் முஸ்லிம்களின் பொதுநிதி, எதுவும் கிட்டாவிடில் இறைவனின் நற்கூலியை நாடி ஆசிரியரே கற்பித்துக்கொடுக்கட்டும் என்று அவர் சிந்தனை செல்கிறது. எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்திவிடவில்லை.

என்ன கற்பித்தார்கள் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. இப்னு ஸஹ்னூனின் நூலில் குர்ஆன், சரியான எழுத்து, அழகிய கையெழுத்து, பிழையற்ற வாசிப்பு ஆகியவை கட்டாயம். கணக்கு, முன்கூட்டிப் பேசிக்கொண்டாலன்றிக் கட்டாயமில்லை. ஹிஜ்ரி 580இல் (கி.பி. 1184) திமஷ்குக்குச் சென்ற பயணி இப்னு ஜுபைர், அங்கே குர்ஆனை வாய்ப்பாடமாகவே ஓதக் கொடுத்ததையும், எழுத்துப் பயிற்சிக்குக் கவிதைகளைப் பயன்படுத்தியதையும் கண்டு வியந்தார். இறைவசனத்தை எழுதி எழுதி அழிக்க நேராதிருக்கவே இந்த ஏற்பாடு. கைரவான் தண்ணீரால் காத்த கண்ணியத்தைத் திமஷ்கு வேறு வழியில் காத்தது. துனீஸில் பிறந்த இப்னு கல்தூன் (ஹிஜ்ரி 732–808) தம் 'முகத்திமா'வில் இவ்வேறுபாடுகளை நாடுவாரியாக ஒப்பிட்டு ஆராய்ந்ததோடு, கடுமை காட்டி வளர்க்கப்படும் பிள்ளையிடம் சோம்பலும் பொய்யும் வேரூன்றிவிடும் என்றும் எச்சரித்தார்.

இவற்றையெல்லாம் அப்படியே இன்று நடத்தவேண்டும் என்பது நம் கருத்தன்று. பிரம்புக்கு எல்லை கட்டிய காலம் போய், பிரம்பே வேண்டா என்னும் காலம் வந்துவிட்டது, அதுவே நன்று. பெண்பிள்ளைகளின் கல்விக்கு அந்நூல்கள் தந்த இடம் சிறிது. இத்தனைக்கும் இமாம் ஸஹ்னூனின் திருமகளார் கதீஜா அவர்கள், தந்தையே கலந்தாலோசிக்கும் அளவுக்கு அறிவிற் சிறந்து விளங்கிய பெருமாட்டி. அவர்கள் வீட்டு வழக்கம் நாட்டு வழக்கத்தினும் முன்னே சென்றிருந்தது. இன்று நம் பெண்மக்கள் அந்த வீட்டு வழியையே பின்பற்றிக் கற்று வருகிறார்கள்.

ஆனால் காலத்தால் தேயாத ஒன்று இந்நூல்களில் இருக்கிறது. நம் அரபி மதரஸாக்களில் வெள்ளிக்கிழமை இன்றும் விடுமுறை. கைரவானின் வாரம் அந்த அளவில் நம்மோடு வாழ்கிறது. ஊர்தோறும் நம் சிறார், பாடசாலைக்குச் செல்லுமுன் காலையிலோ, திரும்பிய பின் மாலையிலோ, ஒரு மணி நேரம் மக்தபுக்கு வருகிறார்கள். அன்று நாள் முழுதும் இருந்த ஓதல் இன்று ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பொருள் குறையக் குறைய அதன் மதிப்பு ஏறும் என்பது கடைவீதியின் கணக்கு. நேரத்துக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். ஆசிரியர் தாமதித்து வந்தால் போவது அவருடைய ஐந்து நிமிடமன்று. பெற்றோர், கல்யாணம், விருந்து, கடைவேலை என்று காரணம் சொல்லிப் பிள்ளையை நிறுத்திக்கொண்டாலும் போவது அவர்களுடைய நேரமன்று. உஸ்தாதுக்கு உரிய காலத்தில் உரிய ஊதியம் தராத ஜமாஅத்தும், அவரை வேறு பிழைப்புத் தேடி அலையவிட்டு, அதே நேரத்தைத்தான் குறைக்கிறது. பேச்சுத் திருந்தாத ஒரு சிறுபிள்ளைக்கு வழக்காடத் தெரியாது; அதன் சார்பில் வழக்காடவே கைரவானின் பேரறிஞர்கள் எழுதுகோல் எடுத்தார்கள்.