அடித்தது ஒரு பக்கம், உடைந்தது மறு பக்கம்

1872-இல் மான்செஸ்டர்காரரான ஜான் ஹாப்கின்சன் என்ற இளம் பொறியாளர் ஓர் எளிய சோதனை செய்தார். நீளமான இரும்புக் கம்பியின் மேல்முனையை இறுகப் பிணைத்துத் தொங்கவிட்டு, கீழ்முனையில் ஒரு தடுப்பை வைத்தார். கம்பியில் கோர்த்த எடை ஒன்று மேலிருந்து சறுக்கி வந்து தடுப்பில் மோதும். கம்பி அறுந்தால் மோதிய இடத்துக்குப் பக்கத்தில்தானே அறுபட வேண்டும்? அவர் கண்டது வேறு. பல முறை அது மேலே, பிணைத்த இடத்தில் அறுந்தது. அறுபடுமா இல்லையா என்பதையும் எடையைவிட அது விழுந்த உயரமே பெரும்பாலும் தீர்மானித்தது.

நான் இயற்பியல் வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் நம்பமாட்டார்கள். அடி என்பது ஓர் அலையாகக் கம்பிக்குள் ஓடுகிறது. மேலே அசையாத முனையில் மோதித் திரும்பும்போது வரும் அலையும் போகும் அலையும் அங்கே கூடிக்கொள்கின்றன. மெல்ல ஏற்றிய பாரமும் திடீரென விழுந்த அடியும் ஒன்றல்ல.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1880-இல், பாரிசில் ஜாக் கியூரியும் தம்பி பியேர் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷெல் உப்பு, ஏன், கரும்புச் சர்க்கரைப் படிகத்திலும்கூட! மின்சாரம் கொடுத்தால் படிகம் நீளும், சுருங்கும் என்பது மறு ஆண்டே தெரிந்தது. நம் காலத்து ரெக்கார்டு பிளேயர்களில் பலவற்றில் ஊசிக்குப் பின்னால் இருந்தது ரோஷெல் உப்புதான். ஈரமும் வெயிலும் அதற்கு ஆகாது. சில வருடங்களில் பாட்டு மூக்கடைத்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க, பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒட்டி ஒலி அனுப்பினார். படிகம், பசை, எஃகு என்று அடுக்கடுக்கான பொருளின் கதை அங்கே தொடங்குகிறது. 1950-களில் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பீங்கான் வந்தது. பி.இசட்.டி என்பார்கள். அடுப்படியில் ‘டக்’ என்று அமுக்கும் கேஸ் லைட்டருக்குள் இருப்பது இந்த வகைதான். ஸ்பிரிங் இழுத்து விட்ட சின்னச் சுத்தியல் பீங்கானைத் தட்ட, பல ஆயிரம் வோல்ட் எழுந்து பொறி பறக்கிறது.

ஆனால் பீங்கான் பீங்கான்தானே. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரியும். விரிசல் உள்ள பொருளில் திடீர் அடி விழுந்தால், அதன் நுனியில் தகைவு உடனே ஒரு நிலைக்கு வந்து நிற்பதில்லை. முதலில் எகிறும், பிறகு தணியும். எளிய கணக்குகளில் அந்த எகிறல், மெல்ல ஏற்றினால் வருவதைவிடக் கால் பங்கு போல அதிகம். அடுக்குப் பொருளில் ஒவ்வொரு ஒட்டுமிடத்திலும் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. அழுத்தமாகப் போன அலை, மென்மையான அடுக்கிலோ வெளிப் பரப்பிலோ பட்டு இழுப்பாகத் திரும்பி வரும். ஹாப்கின்சன் கம்பியைப் போலவே, அடித்தது ஒரு பக்கம், உடைந்தது மறு பக்கம்.

இதில் மின்சாரமும் சேர்ந்தால்? விரிசலுக்குள் இருப்பது காற்று. மின்புலத்தைத் தாங்கும் விதத்தில் பீங்கானுக்கும் காற்றுக்கும் ஆயிரம் மடங்கு போல வித்தியாசம். அதனால் விரிசல் மின்புலத்தை மறிக்கும் சுவர் என்று ஒரு சாரார் எடுத்துக்கொண்டார்கள். இடைவெளி அவ்வளவு மெல்லியது, புலம் கடந்துவிடும் என்றது மறு சாரார். 1976-இல் பார்ட்டன் எழுதியது இந்த வழியில். சுவர் என்று கொண்ட கணக்கின்படி, புலம் எந்தத் திசையில் இருந்தாலும் விரிசலைத் தடுக்கத்தான் செய்யும். 1995-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பார்க், சன் இருவரும் நிஜப் பீங்கானை உடைத்துப் பார்த்தார்கள். ஒரு திசைப் புலம் விரிசலுக்கு உதவியது; எதிர்த் திசைப் புலம் தடுத்தது. பக்கம் பக்கமாக எழுதிய சமன்பாடுகளை ஒரு சின்னப் பீங்கான் துண்டு மறுத்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. எல்லா ஆய்வகங்களிலும் இதே விடை வந்ததா என்றால், இல்லை. சண்டை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

இது ஏட்டுச் சண்டை மட்டுமல்ல. 2000 வாக்கில் டீசல் காரின் எரிபொருள் தெளிப்பானுக்குள் இந்தப் பீங்கான் அடுக்குகள் வந்தன. ஓர் அடுக்கு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, நூற்றுக்கணக்கில் அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தெளிப்புக்கும் மின்சாரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போன்ற நேரத்தில் பாய்கிறது. வண்டியின் ஆயுளுக்குள் இப்படிப் பல கோடி அடிகள். அடுக்கு எகிறி நீண்டு பிய்ந்துவிடாமலிருக்க, ஸ்பிரிங் போன்ற எஃகுக் குழாய்க்குள் அமுக்கியே வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் மின்முனைத் தகடு முடியும் ஓரத்தில் விரிசல் பிறக்கிறது. அடுக்குக்கு இணையாக ஓடினால் பெரிய கெடுதல் இல்லை. குறுக்கே திரும்பி எதிரெதிர் மின்முனைகளைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். அடுக்கு மொத்தமும் போச்சு. அதனால் சில தயாரிப்பாளர்கள், குறிப்பிட்ட இடைவெளிகளில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான அடுக்கையோ சின்ன வெட்டையோ வைத்துவிடுகிறார்கள். விரிசல் வரட்டும், இந்த வழியாகப் போகட்டும் என்று.