உள்ளியின் குலமுறை

எலுமிச்சைக்குப் பிரசித்தி பெற்ற புளியங்குடியில், குழம்புக்குச் சின்ன உள்ளி உரிக்கும் இல்லத்தரசி அதன் குலம் எதுவென்று விசாரிப்பதில்லை; ஆயினும் அதை நிர்ணயிக்கத் தாவர சாஸ்திர நிபுணர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விவாதித்தார்கள். 1753இல் லின்னேயஸ் மலரின் ஆறு கேசரங்களை எண்ணி அதற்கு இடம் வகுத்தார். பின்வந்த பெந்தாமும் ஹூக்கரும், சூலகம் இதழ்களுக்கு மேலே அமைந்திருத்தலைப் பிரமாணமாகக் கொண்டு, லில்லிக் குடும்பத்தில் சேர்த்தார்கள். 1934இல் ஹட்சின்சனோ, தண்டின் நுனியில் குடைபோல் விரியும் பூங்கொத்தே உறவின் அடையாளமென்று கருதி, விஷமூங்கில் அடங்கிய அமரில்லிஸ் குடும்பத்துக்கு அதனை மாற்றினார். மரபணு ஆராய்ச்சியைத் தழுவிய 2009ஆம் ஆண்டு வகைப்பாடும் அவ்வுறவையே ஸ்தாபித்தது. ஆகவே, அடுக்களையில் மணக்கும் உள்ளியும், தோட்டத்தில் வெண்மலர் பூக்கும் விஷமூங்கில் என்னும் நச்சுக்கிழங்கும் ஒரே குலத்துப் பங்காளிகள். குலம் ஒன்றானாலும் குணம் ஒன்றாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.