சீந்திற்கொடியும் மும்பை ஆய்வுகளும்

சித்த மருத்துவம் காயகற்ப மூலிகைகளுள் ஒன்றாகப் போற்றும் சீந்தில், அடியை அறுத்துவிட்டாலும் நூல்போன்ற விழுதுகளை மண்ணுக்கு இறக்கி உயிர்பிழைக்கும் கொடியாகும். அமிர்தவல்லி என்னும் பெயர் இவ்வியல்பு பற்றி வந்திருத்தல் கூடும். போரில் மாண்ட வானரங்களை உயிர்ப்பித்த அமுதத்தின் துளிகள் வீழ்ந்த இடத்தில் இக்கொடி முளைத்தது என்று பாவப்பிரகாசம் கதை கூறும். தண்டை இடித்து நீரிற் கரைத்துத் தெளியவைக்க அடியிற்படியும் வெண்மாவு சீந்தில் சர்க்கரை எனப்படும். பெயரளவிலேயே அது சர்க்கரை. மராத்தியர் இக்கொடியைக் குள்வேல் என்பர், இந்தியில் கிலோய்.

இம்மரபுச் செய்தி ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்த வரலாற்றில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் மருந்தியல் அறிஞர் சாரதினி தகானுகரும் அவர்தம் குழுவினரும் 1980களில் சீந்திலை முறையாக ஆராயத் தொடங்கினர். பித்தநாள அடைப்பால் காமாலையுற்றோர்க்கு அறுவைக்குப்பின் தொற்று மிகுந்து உயிரிழப்பு நேர்வது அந்நாளைய பெருஞ்சிக்கல். அத்தகைய நோயாளர் 30 பேரை இருகூறாக்கி, ஒரு கூறினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு சீந்திலும் அளித்தனர். 1993இல் வெளியான முடிவின்படி, சீந்தில் பெறாதோருள் பிழைத்தோர் 40 விழுக்காடு. பெற்றோருள் 92 விழுக்காட்டினர். கல்லீரல் செயற்பாட்டில் இரு கூறினரிடையே வேறுபாடு காணப்படவில்லை என்பது கருதத்தக்கது. கிருமிகளை விழுங்கிக் கொல்லும் வெள்ளணுக்களின் ஆற்றல் மீண்டதே பயனாகக் காட்டப்பட்டது. எனினும், முப்பதே பேரிடம் நிகழ்ந்த ஆய்வை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் இயலாது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மைய அறிஞர்கள் இதற்கான வேதிப்பொருளைத் தேடினர். சீந்தில் தண்டிலிருந்து பிரித்த அரபினோகாலக்டன் என்னும் பல்சர்க்கரை, எதிர்ப்பொருள் சுரக்கும் பி-அணுக்களைப் பெருகச் செய்வதை 1999இல் வெளியிட்டனர். அப்பொருளுக்கு உயிர்வளியேற்றத் தடுப்பாற்றலும் உண்டென 2002இல் காட்டினர். ஆனால் அச்சோதனை உயிருள்ள உடலில் செய்யப்பட்டதன்று. அதனை மனித உடலுக்கு நேரே ஏற்றிக் கூறும் விளம்பரங்களை எழுதியோர் அறிவியலார் அல்லர்.

2020இல் நிலை மாறிற்று. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளர் கண்டறியப்பட்டார். ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் பல இலட்சம் மக்கள் வாழும், தமிழர் மிகுந்த அப்பகுதியில் தொற்றை அடக்கியவை வீடுவீடாகத் தேடுதலும் சோதித்தலும் தனிமைப்படுத்தலுமே. ஆயினும் நாடெங்கும் சீந்தில் 'எதிர்ப்பாற்றல் கூட்டும்' பண்டமாயிற்று. நடுவணரசின் ஆயுஷ் நெறிமுறையும் அவ்வாண்டு அக்டோபரில் அதனைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் உட்கொண்ட அறுவர் கல்லீரல் பாதிப்புடன் வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருந்த ஒருவர் இறந்தார். உட்கொண்டது வேறு இனமாகலாம் என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. 2022இல் பல நகரங்களின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளர் பற்றிய ஆய்வு வந்தது. பலரிடம் தன்னுடல் எதிர்ப்பின் அடையாளங்கள் காணப்பட்டன. பரேலில் எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கு அளந்து கொடுத்தது பயன்பட்டது. தன்னுடலையே தாக்கும் போக்குடையோர்க்கு அதே தூண்டல் ஊறாகலாம் என்னும் விளக்கம் ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

அமைச்சகம் எழுப்பிய இனவினாவும் தள்ளத்தக்கதன்று. சீந்தில், பொற்சீந்தில் எனப் பெயரால் வகைபிரித்தது தமிழ் மருத்துவ மரபு. சீந்திலோடு மயங்கும் கிரிஸ்பா இனத்தின் தண்டில் பருக்கள்போன்ற முண்டுகள் நிறைந்திருக்கும்; கொடியாக நிற்குங்கால் பயின்ற கண் பிரித்தறியும். பொடியாகிப் புட்டியில் அடைபட்டபின் எக்கண்ணும் அறியாது.