மைதானத்துக்கு வெளியே நின்ற வாத்தியார்

போன வருடம் சித்திரை விடுமுறையில் பேரனைக் கூட்டிக்கொண்டு தென் இலண்டன் ஹேர்ன் ஹில்லில் இருக்கும் சைக்கிளோட்ட மைதானத்துக்குப் போயிருந்தேன். திரும்பி நடந்து வரும்போது பேர்பேஜ் வீதியில் 84ஆம் இலக்க வீட்டுச் சுவரிலே ஒரு நீல வட்டப் பலகையைக் கண்டு பெடியன் நின்றுவிட்டான். "அம்மப்பா, உவர் ஆர்?" எண்டு கேட்டான். (தமிழில்தான் கேட்டான். அதையும் சொல்லிப்போட வேணும்.) பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீடுகளில் பதிக்கப்படும் பலகை அது. 2012இல் பதித்திருக்கிறார்கள். பெயர் சாம் முசபினி, ஓட்டப் பயிற்றுநர்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். 1981இல் வெளிவந்த 'சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்' படத்தை வீடியோக் கசெற்றில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த மனிதரை ஞாபகம் இருக்கும். மைதானத்துக்கு வெளியே ஒரு அறையில் தனியாக இருந்து, யன்னலால் பிரித்தானியக் கொடி ஏறுவதைக் கண்டு, சந்தோசத்தில் தன் தொப்பியைக் குத்திக் கிழிப்பாரே, அவர்தான். படத்துக்காகக் கூட்டியது குறைத்தது இருக்கும். ஆனால் அவர் உள்ளே இருக்கவில்லை என்பது உண்மை.

முசபினி 1867இல் இலண்டன் பிளாக்ஹீத்தில் பிறந்தவர். சிரியா வழிவந்த குடும்பம். பெயரைக் கேட்டே 'இவர் எந்த ஊர்?' என்று விசாரித்திருப்பார்கள். எங்களுக்கு அது புதிதல்லத்தானே! முதலில் பத்திரிகைக்காரர், பில்லியட் ஆட்டம் பற்றி எழுதியவர். பிறகு சைக்கிளோட்டக்காரரைப் பழக்கினார், அதிலிருந்து ஓட்டத்துக்கு வந்தார். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் வென்ற தென்னாபிரிக்கப் பெடியன் ரெஜி வோக்கர் இவருடைய கையில் பழகியவர். 1920 அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் 800 மீற்றர், 1500 மீற்றர் இரண்டையும் வென்ற அல்பேர்ட் ஹில்லும் இவருடைய ஆள்தான்.

அப்படியென்றால் ஏன் வெளியே நிறுத்தினார்கள்? அந்தக் காலத்தில் ஓட்டம் என்பது காசு வாங்காத கனவான்களின் விளையாட்டு. காசுக்கு ஓடியவன் ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. காசு வாங்கிப் பழக்குகிறவனையும் அதே தராசில்தான் வைத்தார்கள். காசில்லாமல் பழக்க வேண்டுமென்றால் வாத்தியார் வீட்டில் அடுப்பு எப்படி எரிவது? அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஹரோல்ட் ஏப்ரஹாம்ஸ் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவர். தகப்பன் லித்துவேனியாப் பக்கமிருந்து வந்து குடியேறிய யூதர். 1920 ஒலிம்பிக்கிலே தனிநபர் போட்டி எதிலும் இறுதிப் போட்டியைக் காணாமலே திரும்பியவர். அங்கே ஹில் வென்றதைக் கண்டவர், பிற்பாடு முசபினியிடமே போனார். காசு கொடுத்துப் பழகுகிறார் என்று முகம் சுழித்தவர்கள் இருந்தார்கள். அவர் ஒளிக்கவில்லை. முசபினி அவருடைய காலடி நீளத்தைக் குறைத்தார், கை வீச்சைத் திருத்தினார், முடிவிடத்தில் நெஞ்சைச் சாய்த்து விழும் விதத்தைத் திரும்பத் திரும்பச் செய்வித்தார். முதல் காலடியின் அளவுக்கு ஒரு கயிறு வைத்திருந்து அதை நிலத்தில் பிடித்து அடையாளம் போட்டு ஓடுவாராம் ஏப்ரஹாம்ஸ்.

1924 யூலை 7. பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் கொலம்ப் மைதானம். வெடிச் சத்தம், முடிவில் கட்டிய நாடா, இந்த இரண்டைத் தவிர வேறொன்றையும் மனதில் வைக்காதே என்பதுதான் முசபினி சொல்லிவிட்ட புத்தி. 10.6 செக்கனில் தங்கப் பதக்கம். மூன்றாவதாக வந்த நியூசிலாந்துக்காரர் ஆர்தர் பொறிற்றும் ஏப்ரஹாம்ஸும் பிறகு ஒவ்வொரு யூலை 7ஆம் திகதியும் இரவு ஏழு மணிக்கு ஒன்றாக இருந்து சாப்பிட்டு வந்தார்கள், 1978இல் ஏப்ரஹாம்ஸ் இறக்கும் வரைக்கும். முசபினிக்கு அந்த மேசையில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. அவர் 1927இலேயே காலமாகிவிட்டார். ஆனால் தன் வெற்றி அந்த மனிதருடையது என்று ஏப்ரஹாம்ஸ் வாய் திறந்து சொன்னதாலேதான் படம் எடுத்தவர்களுக்கும் கதை கிடைத்தது, பலகையும் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோதே எனக்கு உள்ளுக்குள் குத்தியது. 1979இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் நான் 400 மீற்றர் ஓடி முதலாவதாக வந்தேன். காலமை ஐந்தரைக்குச் சைக்கிளில் வந்து, எங்களை எழுப்பிக் கொண்டுபோய், பனங்காணிப் பக்கமுள்ள வயல் வரம்பிலே ஓடவிட்டவர் ஒரு மாஸ்ரர். கணக்குத்தான் படிப்பித்தவர், விளையாட்டுக்கென்று ஒரு சதமும் எடுத்ததில்லை. பரிசு வாங்கிய கையோடு மேடையில் பிரதம விருந்தினருக்கும் அதிபருக்கும் நன்றி சொன்னேன். மாஸ்ரர் கோட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவருடைய பெயர் எனக்கு வாயில் வரவில்லை. மறந்துபோய் அல்ல, பெரியவர்களுக்கு முன்னாலே சொல்லக் கூச்சம். பிறகு நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். அவர் 1995 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போய் அங்கேயே காலமானதாகக் கேள்வி.

ஹில்லின் கதையையும் முடித்துவிடுகிறேன். ஓட்டத்தை விட்ட பிறகு அவரும் பயிற்றுநரானார். முசபினியிடம் படித்ததை சிட்னி வூடர்சன் என்ற மெலிந்த, கண்ணாடி போட்ட பெடியனுக்குப் படிப்பித்தார். 1937 ஓகஸ்ட் 28இல் மொற்ஸ்பேர் பார்க்கில் வூடர்சன் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 6.4 செக்கனில் ஓடி உலக சாதனை வைத்தார். நியூ மோல்டனில் இருக்கும் எங்கட ஆட்கள் ரெயினில் தினமும் கடந்து போகிற இடம்தான். ஹில் பிறகு கனடாவுக்குப் போய் 1969இல் இறந்தார். இறந்த ஊரின் பெயரும் லண்டன், ஒன்ராறியோ மாகாணத்து லண்டன்.

இப்போதும் ஒலிம்பிக்கில் பயிற்றுநருக்குப் பதக்கம் கிடையாது. 1998இலிருந்து இங்கே சிறந்த பயிற்றுநர்களுக்கு முசபினி பதக்கம் என்று ஒன்று கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் சங்க விளையாட்டுப் போட்டியிலும் சனிக்கிழமைதோறும் மழைக்குள் நின்று பிள்ளைகளைப் பழக்குகிறவர்களை மேடைக்குக் கூப்பிடுவதில்லை. செயற்குழுவில் இருந்தபோது நானும் கூப்பிடவில்லை.

மாஸ்ரருடைய பெயரை இந்தக் கட்டுரையில் எழுதத்தான் இருந்தேன். அவருடைய மகள் ஜேர்மனியில் இருப்பதாக அறிந்தேன். கேட்காமல் எழுதக்கூடாது என்று அவவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை.