சென்சார் வாட்ச்

சென்சார் வாட்ச் என்பது நாமே நிரல் எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை. கேசியோ நிறுவனத்தின் எஃப்-91டபிள்யூ டிஜிட்டல் கைக்கடிகாரத்தின் பழைய பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்துவதற்காக இது உருவாக்கப்பட்டது. அமெரிக்க மின்னணு வடிவமைப்பாளர் ஜோயி காஸ்டிலோ, ‘ஆட்லி ஸ்பெசிஃபிக் ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற பெயரில் இதை வடிவமைத்தார். பலகையின் வரைபடமும் அதில் ஓடும் நிரலும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டிருப்பதால், பொழுதுபோக்காக நிரல் எழுதும் பலர் இதற்கென வசதிகளை எழுதிச் சேர்த்துவருகிறார்கள். கடிகாரத்தின் கூடு, திரை, மூன்று பொத்தான்கள் எல்லாம் பழையவை. உள்ளிருக்கும் மூளை மட்டும் புதிது. மணிக்கட்டில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

நிரல் எழுதக்கூடிய கைக்கடிகாரங்கள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தினமும் அல்லது சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் கேட்பவை. சென்சார் வாட்ச் தனித்து நிற்பதற்குக் காரணம், ஒரு பொத்தான் பேட்டரியை வைத்து ஓராண்டு அளவுக்கு ஓடவேண்டும் என்ற கட்டுப்பாட்டை அது ஏற்றுக்கொண்டதுதான். இதற்கு நிரல் எழுதுபவர் கற்கவேண்டிய முதன்மையான கலை, கணினியை வேலை செய்ய வைப்பதல்ல, தூங்க வைப்பது.

தாய்க் கடிகாரம்

எஃப்-91டபிள்யூ 1989இல் சந்தைக்கு வந்தது. வடிவமைத்தவர் ரியூசுகே மொரியாய். கேசியோவில் அவர் வடிவமைத்த முதல் கடிகாரம் இது. எடை 21 கிராம், தடிமன் 8.5 மில்லிமீட்டர். நேரம், கிழமை, தேதி, அலாரம், மணிக்கொரு ‘பீப்’, நூறில் ஒரு பங்கு நொடி காட்டும் ஸ்டாப்வாட்ச், பச்சை விளக்கு: இவ்வளவுதான் வசதி. விலை குறைவு என்பதால் உலகெங்கும் மாணவர்கள், தொழிலாளர்கள், ராணுவத்தினர் என எல்லோர் கையிலும் ஏறியது. இந்தியாவிலும் கறுப்பு ரப்பர் பட்டையோடு இதைக் கட்டியிருந்தவர்கள் ஏராளம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வடிவம் மாறாமல் விற்பனையில் இருக்கிறது.

மாறாத வடிவம்தான் மாற்றுப் பலகை செய்ய நினைப்பவருக்குப் பெரிய வரம். எந்த ஊரில் வாங்கினாலும் திருகு, திரை, பொத்தான் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கும். உள்ளிருக்கும் இயந்திரத்துக்குக் கேசியோ கொடுத்த எண் 593. இதே இயந்திரத்தைக் கொண்ட உலோகப் பட்டை மாதிரியான ஏ158டபிள்யூ போன்றவற்றிலும் சென்சார் வாட்ச் பொருந்துகிறது.

அசல் கடிகாரத்துக்கு ஆண்டு என்ற ஒன்றே தெரியாது. அதன் நாட்காட்டியில் பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான். லீப் ஆண்டில் கையால் திருத்தவேண்டும். வேறு ஊர் நேரம் காட்டாது, பின்னோக்கி எண்ணாது. இந்தப் போதாமைகள் எல்லாம் நிரலால் தீரக்கூடியவை. ஆனால் அசல் பலகையிலுள்ள சிப்பில் யாரும் புதிதாக எதையும் எழுத முடியாது. பலகையையே மாற்றவேண்டியிருப்பது அதனால்தான்.

முன்னோடிகள்

கைக்கடிகாரத்துக்கு நிரல் எழுதும் ஆசை இதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1994இல் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து டைமெக்ஸ் வெளியிட்ட டேட்டாலிங்க் கடிகாரம், கணினித் திரையில் பளிச்சிடும் கோடுகளைத் தன் ஒளியுணரியால் படித்துத் தொலைபேசி எண்களை வாங்கிக்கொண்டது. 2010இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட இஇசட்430-குரோனோஸ், வானொலி இணைப்பும் முடுக்க உணரியும் காற்றழுத்த உணரியும் கொண்டு, நிரலாளர்களுக்கென்றே வந்த கடிகாரம். பழைய கேசியோ கூட்டுக்குள் புதுப் பலகையை நுழைக்கும் யோசனையும் காஸ்டிலோவுக்கு முன்பே இருந்தது. டிராவிஸ் குட்ஸ்பீடின் ‘குட்வாட்ச்’ கால்குலேட்டர் கடிகாரத்துக்குள் அமர்ந்தது. ‘புளூட்டோ’ என்ற பலகை எஃப்-91டபிள்யூவுக்கே செய்யப்பட்டது. சென்சார் வாட்ச் இவற்றைவிடப் பரவலாகப் போய்ச் சேர்ந்ததற்கு, நிரல் எழுதத் தெரியாதவரும் யூஎஸ்பி வழியாக மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம் என்ற எளிமை முக்கியக் காரணம்.

மின்சாரக் கணக்கு

எஃப்-91டபிள்யூவில் இருக்கும் பேட்டரி சிஆர்2016. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 90 மில்லி ஆம்பியர் மணி. அசல் கடிகாரம் அதில் 7 ஆண்டு ஓடும் என்கிறது கேசியோ. 7 ஆண்டு என்பது 61,320 மணிநேரம். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒன்றரை மைக்ரோ ஆம்பியரில் அது வாழ்கிறது. ஒரே வேலைக்கென வார்க்கப்பட்ட சிப்பால் மட்டுமே இந்தச் சிக்கனம் கைகூடும்.

சென்சார் வாட்சில் இருப்பது மைக்ரோசிப் நிறுவனத்தின் சாம் எல்22 என்ற மைக்ரோகன்ட்ரோலர். இது ஆர்ம் கார்ட்டெக்ஸ் எம்0+ வகையைச் சேர்ந்தது. விழித்து ஓடும்போது சில நூறு மைக்ரோ ஆம்பியர் குடிக்கும். 300 என்று வைத்துக்கொண்டால், ஓயாமல் ஓடவிட்ட கடிகாரம் 300 மணிநேரத்தில், அதாவது இரண்டு வாரம்கூட நிறையாமல் நின்றுவிடும். சராசரியை 10 மைக்ரோ ஆம்பியருக்கு இறக்கிவிட்டால் 9,000 மணிநேரம் கிடைக்கும். ஓராண்டுக்குச் சற்று அதிகம். ஆகவே நொடிக்கு ஒருமுறை விழித்து, எண்ணை மாற்றிவிட்டு, மறுபடி படுத்துவிட வேண்டும். யாரும் பொத்தானைத் தொடாமல் நெடுநேரம் போனால், நொடி காட்டுவதையே நிறுத்திவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விழிக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்குக் கடிகாரம் போய்விடும்.

அந்த உறக்கத்தில் ஒரு நுணுக்கமான ஏற்பாடு இருக்கிறது. திரையை இயக்கும் பகுதி இந்தச் சிப்புக்குள்ளேயே தனியாக உள்ளது. மைய மூளை தூங்கும்போதும் அது எண்களைத் திரையில் தக்கவைக்கும். நொடிகள் நின்ற இடத்தில் இரண்டு சிறு கோடுகளை மாறி மாறி ஒளிரவும் வைக்கும். கடிகாரம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தச் சிறு துடிப்பே அடையாளம். அதற்காக ஒரு வரி நிரல்கூட ஓடுவதில்லை. இந்தச் சிப்பைத் தேர்ந்தெடுத்ததே இத்திட்டத்தின் ஆகச்சிறந்த முடிவு என்று சொல்லலாம்.

திரை

திரையில் பத்து எழுத்திடங்கள்: கிழமைக்கு இரண்டு, தேதிக்கு இரண்டு, நேரத்துக்கு ஆறு. இவற்றோடு மணியொலி, அலாரம், பிற்பகல், 24 மணி, லேப் ஆகிய ஐந்து குறிகளும் ஒரு முக்காற்புள்ளியும் உண்டு. புதிதாக எதைக் காட்ட நினைத்தாலும் இதற்குள்தான் அடக்கவேண்டும்.

பத்து இடங்களும் சமமானவை அல்ல. 1989இல் இந்தத் திரையை வரைந்தவர்கள் மின்தொடர்புகளை மிச்சம் பிடித்தார்கள். ஏழு கோடுகளால் ஆன எண்ணில் 0 முதல் 5 வரை எழுதிப் பாருங்கள். 0, 2, 3, 5 ஆகியவற்றில் மேல்கோடும் அடிக்கோடும் இரண்டுமே எரியும். 1, 4 ஆகியவற்றில் இரண்டுமே எரியாது. ஆகவே ஐந்தைத் தாண்டாத இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் ஒரே கம்பி போதும். மணியின் பத்தாமிடம் 2-ஐத் தாண்டாது, நிமிடத்தின் பத்தாமிடம் 5-ஐத் தாண்டாது. இந்த இரண்டு இடங்களிலும் அப்படியே இணைத்துவிட்டார்கள். தேதியின் முதல் இடத்தில் 1, 2, 3 மட்டுமே வரும் என்பதால் அங்கே மேல், நடு, அடி என மூன்று கோடுகளும் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. இடப்பக்க மேல்கோடு அச்சிடப்படவே இல்லை.

நேரம் காட்டும்வரை இதில் எந்தக் குறையும் தெரியாது. வேறு எண்ணைக் காட்டும்போதுதான் சிக்கல். 6, 8, 9 மூன்றும் தப்பித்துவிடும், ஏனெனில் அவற்றில் இரு கோடுகளும் எரிகின்றன. 7-க்கு மேல்கோடு வேண்டும், அடிக்கோடு கூடாது. அதற்கு இங்கே வழியில்லை. சென்சார் வாட்ச் நிரல் இதற்குச் செய்திருக்கும் தீர்வு அழகானது. அந்த இரு இடங்களிலும் 7 வந்தால், நடுக்கோட்டையும் வலப்பக்கக் கீழ்க்கோட்டையும் மட்டும் ஏற்றி, பாதி உயரத்தில் ஒரு குட்டி ஏழைக் காட்டுகிறது. முதல்முறை பார்ப்பவர் திகைப்பார். பிறகு கண் பழகிவிடும்.

பின்னர் வந்த சென்சார் வாட்ச் ப்ரோவுக்காக, கூடுதல் கோடுகள் கொண்ட தனித் திரையையே காஸ்டிலோ வடிவமைத்தார்.

வாட்ச் ஃபேஸ் எழுதுதல்

கடிகாரத்தில் ஓடும் அடிப்படை மென்பொருளுக்கு ‘மூவ்மென்ட்’ என்று பெயர். மொழி சி. ஒவ்வொரு வசதியும் ஒரு வாட்ச் ஃபேஸ். மோடு பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். ஒரு ஃபேஸுக்கு அடிப்படையாக நான்கு செயல்கூறுகள் போதும். தொடக்கத்தில் நினைவகத்தை ஒதுக்க ஒன்று, திரைக்கு வரும்போது ஒன்று, ஒவ்வொரு நிகழ்வுக்கும் பதில் சொல்ல ஒன்று, விலகும்போது ஒன்று. நிகழ்வு என்பது ஒரு நொடி கழிந்ததாகவோ, பொத்தான் அழுத்தப்பட்டதாகவோ, உறக்கத்தில் ஒரு நிமிடம் ஆனதாகவோ இருக்கலாம். நிகழ்வு இல்லாதபோது நிரல் ஓடுவதில்லை.

நொடியைவிட வேகமாக எண்ணவேண்டுமானால் ஒரு சிக்கல் எழும். கடிகாரப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது; அது 2-இன் 15ஆம் அடுக்கு. அதைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் 64, 32, 16 துடிப்புகள் கிடைக்கும். நூறு ஒருநாளும் கிடைக்காது. நூறில் ஒரு பங்கு நொடி காட்ட விரும்புபவர் 128 துடிப்பை எண்ணி நூறுக்கு மாற்றிக் காட்டலாம், அல்லது சிப்பிலுள்ள இன்னொரு டைமரை நாடலாம்.

சூரிய உதயம், நிலவின் பிறை, உலக நேரம், நாடித்துடிப்பு எண்ணும் கருவி எனப் பலரும் எழுதிய ஃபேஸ்கள் இப்போது நிறைய உள்ளன. இணைய உலாவியில் ஓடும் பாவனைக் கடிகாரமும் இருப்பதால், பலகை கையில் இல்லாமலே எழுதிச் சோதிக்கலாம்.

அன்றாடம் கைகொடுப்பவற்றில் முதன்மையானது இருபடிச் சரிபார்ப்பு எண்ணைக் காட்டும் ஃபேஸ். மின்னஞ்சலில் நுழையும்போது செல்பேசிச் செயலி காட்டும், 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணை இதுவும் கணக்கிடுகிறது. இரகசியச் சாவியும் சரியான நேரமும் இருந்தால் போதும், இணையம் தேவையில்லை. ஆறிலக்கம் நேரத்தின் ஆறு இடங்களிலும், கணக்கின் ஈரெழுத்துப் பெயர் கிழமை இடத்திலும், மீதமுள்ள நொடிகள் தேதி இடத்திலும் அமர்ந்துகொள்கின்றன. திரை இதற்காகவே வரையப்பட்டதோ என்று தோன்றும். ஆனால் கடிகாரத்துக்குப் பூட்டு கிடையாது. அது கைமாறினால் எண்ணும் கைமாறும். முக்கியமான கணக்குகளுக்கு இதை மட்டும் நம்புவது சரியல்ல.

நேரத் துல்லியம்

எஃப்-91டபிள்யூ மாதத்துக்கு 30 நொடி வரை முன்பின் ஆகலாம் என்று கேசியோவே அறிவிக்கிறது. நேரம் பார்க்க இது போதும். சரிபார்ப்பு எண்ணுக்குப் போதாது; ஓரிரு மாதத்தில் எண் தவறாகிவிடும்.

படிகம் தடுமாறுவதற்கு முதற்காரணம் வெப்பநிலை. இவ்வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் அளவில்தான் மிக வேகமாக அதிர்கிறது. அங்கிருந்து ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகிறது. பத்து டிகிரி விலகினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி, மாதத்துக்கு 9 நொடி பின்தங்கும். இந்த வளைவு முன்கூட்டியே தெரிந்த ஒன்று. பலகையில் வெப்பநிலை உணரியும் இருந்தால், அவ்வப்போது அளந்து, சிப்பின் திருத்தப் பதிவகத்தில் ஈடுசெய்துவிடலாம். இதற்கென எழுதப்பட்ட ஃபேஸ் ஒன்றும் மூவ்மென்டில் உள்ளது. ஒவ்வொரு படிகத்துக்கும் தனிக்குணம் உண்டென்பதால், பொறுமையாக வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்த எண்களை இடவேண்டும். அப்படிச் செய்தவர்களின் மலிவுக் கடிகாரங்கள் பன்மடங்கு துல்லியமாக ஓடுகின்றன.

உணரிகள் ஒன்பது முனை இணைப்பான் வழியாகப் பலகையில் சேர்கின்றன. வெப்பநிலை உணரியைப் பொறுத்தவரை, கையில் கட்டியிருக்கும்போது அது காட்டுவது காற்றின் வெப்பத்தை அல்ல. பெரும்பாலும் அணிந்தவரின் தோல்சூடுதான் தெரியும். அறையின் வெப்பம் வேண்டுமென்றால் கழற்றி மேசையில் சிறிது நேரம் வைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். படிகமும் அதே சூட்டைத்தான் உணர்கிறது என்பதால் துல்லியத் திருத்தத்துக்கு இது குறையாகாது.

பொருத்துதல்

பின்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றி, இயந்திரத்தை வெளியே எடுத்து, திரையையும் பிளாஸ்டிக் சட்டத்தையும் பழைய பலகையிலிருந்து புதியதற்கு மாற்றுவார்கள். திரையையும் பலகையையும் இணைப்பது கம்பி அல்ல. கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி அமைந்த ரப்பர் பட்டை. இதில் ஒரு தூசியோ விரல் எண்ணெயோ பட்டால் எண்ணின் ஒரு கோடு மட்டும் காணாமல் போகும். பலகை கெட்டுவிட்டது என்று பயப்படவேண்டியதில்லை. கழற்றித் துடைத்து மறுபடி நேராக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒலி எழுப்பும் தகடு பின்மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒலி வேண்டுமானால் அதற்கான சிறு தொடர்பைப் புதிய பலகையில் சால்டர் செய்யவேண்டும், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். மென்பொருளை ஏற்ற, பலகையில் உள்ள மைக்ரோ யூஎஸ்பி முனையைக் கணினியில் இணைத்து, ரீசெட் பொத்தானை இருமுறை தட்டினால் அது ஒரு பென் டிரைவாகத் தோன்றும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. கூட்டுக்குள் வைத்து மூடியபின் இந்த முனை வெளியே தெரியாது. ஆகவே ஒவ்வொரு புது ஃபேஸுக்கும் கடிகாரத்தைத் திறக்கவேண்டும். அடிக்கடி திறப்பவர்கள் பின்மூடியைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்திவிட்டுத் திருகுவது அவசியம். அது பிசகினால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர்கூட உள்ளே போய்விடும்.